பாலம் இல்லாத புத்தகம்

என்னிடம் உள்ள அந்தப் புத்தகத்துக்கு முன்னட்டை கிடையாது. பின்னட்டை இருந்த இடத்தில் ஒரு சி.ஆர். கொப்பியின் மட்டை ஒட்டியிருக்கிறது. கோதுமை மாவைக் காய்ச்சிய பசையால் ஒட்டியதால் ஓரங்களைக் கரப்பான் தின்றிருக்கிறது. நடுவே 16 பக்கங்கள் இல்லை. முதல் தாளில் நீல மையில் சித்தப்பாவின் கையெழுத்து. கடைசியில் அச்சகம் வெறுமையாக விட்ட தாள்கள் முழுக்கப் பென்சிலாலும் பேனையாலும் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தாள்கள் போதாமல் பிறகு கொப்பித் தாள்களும் ஒட்டப்பட்டிருக்கின்றன. இங்கே சொல்லப்போவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பக்கங்களைப் பற்றி.

புத்தகம், ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்’. எழுதியவர் ஜேம்ஸ் கான். அமெரிக்காவில் 1984இல் வந்தது. கான் தொழிலால் வைத்தியர். அதற்கு முந்திய ஆண்டு ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடாய்’ படத்தையும் நாவலாக்கியவர். படத்தைப் புத்தகமாக்குவது அங்கே ஒரு தனித் தொழில். படம் வெளியாகும்போதே ரயில் நிலையக் கடையில் நாவலும் தொங்க வேண்டும் என்பதால், எழுதுகிறவர் படத்தைப் பார்க்கும் முன்பே திரைக்கதைப் பிரதியை வைத்துக்கொண்டு எழுதி முடித்துவிடுவார். படத்தில் பிறகு வெட்டியெறிந்த காட்சி புத்தகத்தில் உயிரோடிருக்கும். படத்தில் நடிகர் நின்றநிலையில் சேர்த்த பகிடி புத்தகத்தில் இராது. விமர்சகர்கள் இந்த வகையைக் கையால் தொடுவதில்லை.

நமக்கு இது பழக்கமில்லாத பாதை. தமிழில் ஆறு மறுபக்கம் ஓடுகிறது. ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவலாக வந்து படமானது. ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் தொடராக வந்து, எழுபது ஆண்டு கழித்து இரண்டு பாகப் படமானது. படத்திலிருந்து நாங்கள் எடுத்தவை பாட்டுப் புத்தகமும் கதைவசனப் புத்தகமும்தான். வசனத்தை மனப்பாடம் செய்தோமே தவிர, படத்தை உரைநடையில் திரும்ப எழுதச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. தேவைப்படவில்லை. படம்தான் ஊருக்கு வந்துகொண்டிருந்ததே.

எங்கள் ஊருக்குப் படம் வராத காலம் ஒன்று வந்தது. அதைச் சொல்லுமுன் கண்டிக்குப் போக வேண்டும்.

1983 ஏப்ரலில் சித்தப்பா கண்டியில் எழுதுவினைஞர். இந்திய அரசு கதையைப் படித்துப் பார்த்துவிட்டு, இதை மாற்று, அதை மாற்று என்று கேட்டதில் மனம் சலித்த ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் குழு, இந்தப் படத்துக்கான ‘இந்தியா’வை இலங்கையில் கட்ட வந்திருந்தது. ஹந்தானைத் தேயிலை மலையில் வறண்டு செத்த ஒரு வட இந்தியக் கிராமம் எழுந்தது. விக்டோரியா அணைக்கட்டை அப்போது கட்டிக்கொண்டிருந்த நேரம். அந்த வேலைக்கு வந்திருந்த பிரித்தானியப் பொறியியலாளர்களின் உதவியோடு பக்கத்துப் பள்ளத்தாக்கொன்றின் மேல் கயிற்றுப் பாலமும் தொங்கியது. பாலத்தை ஒரே ஒரு தடவைதான் அறுக்க முடியும். அதனால் பல கமராக்களைச் சுற்றி நிறுத்தி ஒரே வீச்சில் எடுத்தார்கள். சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஹந்தானைக்கு ஏறினார். காவலாளி கிட்ட விடவில்லை. தூரத்தில் தொப்பி போட்ட ஒருவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்ததைக் கண்டாராம். அது நாயகன் ஹரிசன் போர்ட் தானா, பெட்டி தூக்க வந்த ஆளா என்பது இன்றுவரை எங்கள் குடும்பத்தில் தீராத வழக்கு.

படக்குழு மே மாதம் லண்டன் ஸ்ரூடியோவுக்குப் போனது. ஜூலைக் கலவரத்தில் சித்தப்பா கண்டியிலிருந்து உடுத்த சாரத்தோடு கொழும்பு முகாமுக்கும், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கும் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு லண்டன். அங்கே ஒரு நிலையக் கடையில் இந்தப் புத்தகத்தைக் கண்டிருக்கிறார். 1985இல் ஒரு பார்சலில், பழைய கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே, அது எங்கள் ஊர் தொண்டைமானாற்றுக்கு வந்தது. முதல் தாளில் அவர் எழுதியது இவ்வளவுதான்: “இதில் வாற மலையை நான் கண்டனான்.”

அம்மம்மா அட்டைப் படத்தைப் பார்த்தா. சாட்டையும் திறந்த நெஞ்சும். “ஆரடா இவன், மாட்டு வண்டிக்காரனோ?” என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை அரிசிப் பெட்டிக்கு மேலே வைத்தா. இரண்டு ஆண்டு அது லாம்புக்கு அடியில் கிடந்தது. 1987 மே 26இல் வடமராட்சி நடவடிக்கை தொடங்கியபோது நாங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினோம். புத்தகம் அகப்பட்டவற்றில் ஒன்றல்ல. திரும்பி வந்தபோது கூரையில் ஒரு மூலை இல்லை. மழைக்கு அட்டைகள் இரண்டும் ஊறிப் போயிருந்தன. அம்மா அவற்றைக் கிழித்து எறிந்தா. அந்த வண்டிக்காரனின் முகத்தை அதற்குப் பிறகு வந்த வாசகர் எவரும் பார்க்கவில்லை என்பதை மறக்க வேண்டாம்.

1990 ஜூனில் மறுபடி போர். குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை. பேப்பர் இல்லாமல் நாளிதழைக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி ரேடியோவில் பாட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். படம் பார்ப்பதென்றால் யாராவது ஜெனரேற்றர் வைத்து வீடியோ ஓட்ட வேண்டும். அதற்கும் எண்ணெய் வேண்டும். எனக்கு அப்போது 11 வயது. மூன்று ஆண்டில் நான் பார்த்த படங்களை ஒரு கையில் எண்ணலாம்.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வளவில் இருந்த ஓய்வுபெற்ற இங்கிலிசு மாஸ்டர் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். தனக்கு வாசிக்க ஒன்றும் இல்லையென்று கேட்டவர், இரண்டு நாளில் எங்களையெல்லாம் தன் திண்ணைக்குக் கூப்பிட்டுவிட்டார். ஒரு ஜாம் போத்தல் விளக்கு. சின்னத் திரி, அடியில் நனையுமளவுக்கு மண்ணெண்ணெய். அது அணையும்வரை கதை. இங்கிலிசில் ஒரு பந்தியை மனத்துக்குள் வாசிப்பார். பிறகு தமிழில் சொல்லுவார். இந்தப் புத்தகத்தின் முதல் மொழிபெயர்ப்பாளர் அவர். அவருடைய பிரதி எங்கும் எழுதப்படவில்லை.

கதையைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1935. சாங்காயில் கள்ளர் கூட்டத்திடமிருந்து தப்பிய இண்டியானா ஜோன்ஸ் என்ற தொல்பொருள் பேராசிரியர், வில்லி என்ற பாடகி, ஷோர்ட் ரவுண்ட் என்ற சீனச் சிறுவன் மூவரும் விமானத்திலிருந்து ரப்பர் ஓடத்தில் குதித்து இந்தியக் கிராமமொன்றில் வந்து விழுகிறார்கள். கிராமத்தின் புனிதக் கல்லைத் திருடிவிட்டார்கள். கிணறு வற்றிவிட்டது. பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பங்கொட் அரண்மனைக்கு அடியில் காளிக்கு நரபலி கொடுக்கும் தக்கர் கூட்டம், சுரங்கத்தில் அடிமையாக மண் வெட்டும் பிள்ளைகள். மீதியை ஊகிக்கலாம்.

மாஸ்டர் ஷோர்ட் ரவுண்டுக்குக் ‘கட்டையன்’ என்று பேர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

புத்தகம் முடிந்த இரவு, கேட்டவர்கள் எல்லோரும் கடைசித் தாளில் தங்கள் அபிப்பிராயத்தை எழுத வேண்டும் என்றார் அவர். படிப்பித்த புத்தி. முதலில் தானே எழுதினார்: “நல்ல வேகம். கெட்ட சரித்திரம்.” நாலே சொல்லில் அவர் சொன்னதை விரித்து எழுத அமெரிக்கப் பேராசிரியர்களுக்குப் பல கட்டுரைகள் தேவைப்பட்டிருக்கின்றன.

அம்மம்மாவுக்கு எழுத விருப்பமில்லை. அவ சொல்ல நான் எழுதினேன். கல்லில் மூன்று கோடு என்ற இடத்தில் அவவுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அது திருநீற்றுக் குறி. மூலஸ்தானத்தைத் தூக்கிக்கொண்டு போனால் கிணறு வற்றாமல் என்ன செய்யும்? அந்தப் பகுதிக்கு முழுச் சம்மதம். அரண்மனை விருந்துக்கு மட்டும் மன்னிப்பில்லை. வயிற்றைக் கீறினால் குட்டிப் பாம்புகள் வழியும் பெரிய பாம்பு, வறுத்த வண்டு, கண் மிதக்கும் சூப், குளிரவைத்த குரங்கு மூளை. எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் செல்வச்சந்நிதி. அன்னதானக் கந்தன் என்று பெயர் பெற்ற கோயில். மடத்துக்கு மடம் பந்தி வைத்து, போரிலும் தடையிலும் வந்தவனுக்குச் சோறு போட்ட இடம். அங்கே பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் மௌனமாகப் பூசை செய்கிறார். அதைப் பார்த்து வளர்ந்த மனுசிக்கு, கூட்டமாகக் கத்திக்கொண்டு நெஞ்சைப் பிளக்கும் இந்துக்களையும், வண்டு தின்னும் மகாராசாவையும் எப்படிப் பொருத்த? “அரமனையில சைவச் சாப்பாடு சமைக்க ஒருத்தரும் இல்லையாமோ?” நான் எழுதிய பிழையான எழுத்துகளோடு அந்தக் கேள்வி இன்றும் தாளில் இருக்கிறது. இந்திய அரசு சில காலம் படத்தைத் தடை செய்ததற்குச் சொன்ன காரணமும் ஏறத்தாழ இதேதான்.

உயர்தரம் படித்த அண்ணை ஒருவர் ரப்பர் ஓடத்தைப் பிடித்துக்கொண்டார். தொண்டைமானாறு என்றால் யாழ்ப்பாணத்து மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வெளிக்கள நிலையம். உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகளைப் பெரிய சோதனைக்கு முன்பே தன் மாதிரி வினாத்தாளால் வதைக்கிற நிறுவனம். அந்தப் பயிற்சியில் ஊறிய அண்ணை ஓடத்தின் நிறை, காற்றுத் தடை, நிலத்தில் மோதும் வேகம் என்று அரைப் பக்கம் கணக்குப் போட்டு, மூன்று பேரும் செத்துவிட்டார்கள் என்று நிறுவி, கீழே கோடிட்டு ‘0/20’ என்று போட்டிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முதல் ஆளாகத் திண்ணையில் வந்து இருந்தவர் அவர்தான்.

ஊர்க் கிழவர் ஒருவருக்கு இண்டியானா ஜோன்ஸைப் பிடிக்கவில்லை. அவர் சாண்டில்யன் பக்கம். ‘கடல் புறா’வைக் குமுதத்திலிருந்து கிழித்து பைண்ட் பண்ணி வைத்திருந்தவர். அந்த நாவலின் நாயகன் கருணாகரத் தொண்டைமான், முதலாம் குலோத்துங்கனின் தளபதி, ஜெயங்கொண்டார் பரணியில் பாடிய கலிங்க வெற்றிக்காரன். உப்பு ஏற்றிப் போக அவன் வெட்டுவித்த கால்வாய்தான் எங்கள் ஆறு என்பது கர்ணபரம்பரை. ஊரின் பேரே அவன் பேர். சோழக் கடற்படையையே வைத்திருந்தவன் இருக்க, சாட்டையும் தொப்பியும் வைத்திருக்கிறவனை எதற்கு வாசிக்கிறீர்கள் என்பது கிழவரின் கட்சி. இன்னொரு கட்சியும் வைத்திருந்தார். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பேர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைப் பாய் விரித்து ஓட்டி, 1938இல் மாசச்சூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கதை நடந்ததாகச் சொல்லும் ஆண்டுக்கு மூன்று ஆண்டு பின்னால். “உண்மையிலயே அமெரிக்கா போனவங்கள் இஞ்ச இருக்கிறாங்கள், நீங்கள் பொய்யா வந்தவனுக்குக் கைதட்டுறியள்” என்பது அவரது வாதம். மறுக்க முடியாது. ஆனால் கிழவரும் எல்லா இரவும் வந்தார்.

கட்டையனைப் பற்றி எழுதியது சாதாரணதரம் படித்த ஒரு அக்கா. சாங்காயில் குண்டு போட்டபோது தாய் தகப்பனை இழந்து, தெருவில் வளர்ந்து, இண்டியானா ஜோன்ஸின் பொக்கற்றில் கை விட்டு அகப்பட்டவன் அவன். மாஸ்டர் அந்த இடத்தைச் சொன்ன இரவில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா எழுதியது: இந்தப் புத்தகத்தில் வாறவர்களில் கட்டையன் ஒருவன்தான் நிசமான ஆள், மற்றவர்கள் எல்லாம் படத்துக்காகச் செய்த ஆட்கள். பொம்பர் வரும் சத்தத்தைக் காதாலேயே வகை பிரிக்கத் தெரிந்த பிள்ளை எழுதிய விமர்சனம் அது. நான் பிறகு வாசித்த எந்த மதிப்புரையும் இவ்வளவு சரியாக இந்தக் கதையின் உயிர்நிலையில் கை வைக்கவில்லை.

அதற்குக் கீழே, பேர் போடாமல், ஒரு தாயின் கையெழுத்து. பிள்ளைகள் ஒருவரும் இல்லாத ஊர் என்று வருகிற பக்கத்தை மட்டும் தான் திரும்பக் கேட்க விரும்பவில்லை என்று ஒரே வரி.

இனி அந்த 16 பக்கங்கள். மழையில் நனைந்து காய்ந்த புத்தகத்தில் பசை விட்டுப் போயிருந்தது. கைமாறிய வீடொன்றில் சில தாள்கள் கழன்று தொலைந்தன. போனது எது தெரியுமா? பாலம். கண்டியில் அவ்வளவு காசு கொட்டிக் கட்டி, ஒரே வீச்சில் அறுத்த அந்தக் கயிற்றுப் பாலத்துக் காட்சி முழுக்க அந்தத் தாள்களில் இருந்தது. மாஸ்டரின் திண்ணையில் கேட்டவர்களுக்கு மட்டும் அது நினைவில். பிறகு புத்தகத்தை எடுத்தவர்களுக்கு, வீரன் சுரங்கத்திலிருந்து ஓடுவான், அடுத்த பக்கத்தில் கிராமத்துக்குக் கிட்ட நிற்பான். இடையில் என்ன நடந்தது என்று எங்களிடம் கேட்பார்கள். ஆளுக்கொரு பாலம் சொன்னோம். என்னுடைய பாலம் தொண்டைமானாற்றுப் பாலந்தான். எனக்கு வேறு பாலம் தெரியாது. கீழே முதலைக்குப் பதில் ஜெல்லி மீன். என் தம்பியின் பாலத்தில் தடுப்பணைக் கதவைத் திறந்துவிட உப்புத் தண்ணீர் பாய்ந்து தக்கர் தலைவன் மோலா ராமைக் கடலுக்குக் கொண்டுபோனது.

1995 அக்டோபர் 30. வலிகாமம் முழுதும் ஒரே இரவில் எழுந்து நடந்தது. பள்ளிக்கூடங்களிலும் கோயில் மடங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் சனம். எங்கள் வீட்டில் தங்கிய குடும்பமொன்றின் மகன் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தவன் விடவில்லை. சில மாதத்தில் அவர்கள் கிளாலிக் களப்பைக் கடந்து வன்னிக்குப் போனபோது புத்தகமும் போய்விட்டது. கேட்டு எடுத்தானா, கேளாமல் எடுத்தானா என்பது நினைவில்லை. ஆறாண்டு அதைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அரிசிப் பெட்டிக்கு மேலே ஒரு வெற்றிடம். கோவிக்கவும் நேரமில்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தபின், ஒரு மத்தியானம் சைக்கிளில் ஒரு இளைஞர் படலையைத் தட்டினார். பொலித்தீன் பையில் சுற்றிய புத்தகத்தை நீட்டினார். சி.ஆர். கொப்பி மட்டை ஒட்டியது வன்னியிலேதான். கடைசியில் ஒட்டிய கொப்பித் தாள்களில் மல்லாவி என்றும் புதுக்குடியிருப்பு என்றும் இடப்பேர் போட்டு, எனக்குத் தெரியாத கைகள் எழுதியிருந்தன. ஒருவர் தக்கர் கூட்டத்தைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதிவைத்ததை நம்பக்கூடாது என்று நீண்ட குறிப்பு. ஒருவர் வில்லிக்குக் கத்துவதைத் தவிர வேறு வேலை கொடுக்கவில்லை என்று முறைப்பாடு. அது மிகச் சரி. ஒருவர் கதையை விட்டு, பாடகி உடுத்த சட்டையின் விபரம் போதாது என்றிருக்கிறார்.

புத்தகத்துக்குள்ளே, 16 பக்கம் போன இடத்தில், நூலால் தைத்த நாலு கொப்பித் தாள்கள். எடுத்துக்கொண்டு போன பையன் எழுதியது. பாலம் தொலைந்துபோன கதைக்கு அவன் புதிதாக ஒரு வழி செய்திருந்தான். அதில் பள்ளத்தாக்கு இல்லை. ஒரு களப்பு இருக்கிறது. இரவு. விளக்கு இல்லாத வள்ளங்கள், ஒன்றின் பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி இழுத்தபடி. சுரங்கத்திலிருந்து தப்பிய பிள்ளைகளை இண்டியானா ஜோன்ஸ் அதில் ஏற்றுகிறான். தொப்பியைக் கழற்றித் தண்ணீர் அள்ளி ஊற்றுகிறான். சாட்டைக்கு வேலையே இல்லை. நேவி விளக்கு தண்ணீர் மேலே வட்டம் போடும்போது எல்லோரும் குனிகிறார்கள். கட்டையன் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறான், ஏறிய பிள்ளைகள் எத்தனை, இறங்கிய பிள்ளைகள் எத்தனை என்று. கணக்குச் சரிவருகிறது. அதோடு அந்த நாலு தாளும் முடிந்து, ஜேம்ஸ் கானின் இங்கிலிசு தொடங்குகிறது.

வைத்தியர் கானின் பாலத்தை நான் பிறகு வேறு பிரதியில் வாசித்தேன். பையனுடையதுதான் மேல். இதில் எனக்கு ஊர்ப் பாசம் கொஞ்சம் இருக்கலாம்.

படத்தை 2003இல் பார்த்தேன், டீவீடியில். வாசித்து 12 ஆண்டுக்குப் பிறகு. விமானத்திலிருந்து விழுந்தவர்கள் கிராமத்துக்கு வந்தார்கள். ஊர்ச்சனம் சூழ்ந்துகொண்டு கதைக்கத் தொடங்கியது. நான் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். அவர்கள் கதைத்தது சிங்களம். இந்தியக் கிராமம் என்று நாங்கள் ஜாம் போத்தல் வெளிச்சத்தில் கற்பனை செய்த இடத்தில், ஹந்தானையின் மடியில், சிங்களக் கிராமத்தவர்கள் சிங்களத்தில் அழுது முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவராக நடித்தவர் டி.ஆர். நாணயக்கார, சிங்களத் திரையின் பேர்போன நடிகர். அவருக்கு இங்கிலிசு தெரியாது. கமராவுக்குப் பின்னாலிருந்து ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு துண்டாகச் சொல்லக் கேட்டுத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். அந்த நிறுத்தி நிறுத்திப் பேசும் பேச்சில் ஒரு பெரிய கனம் வந்து சேர்ந்துவிட்டது. அவர் முகத்தை இனி மாஸ்டரின் குரலிலிருந்து பிரிக்க என்னால் முடியாது. தொலைந்த பிள்ளைகளுக்காக அந்த ஊர் அழுவதைப் பார்த்து முடித்தபோது சித்தப்பாவுக்கு லண்டனுக்குப் போன் எடுத்தேன். அவர் படத்தைப் பார்க்கவில்லையாம். மலையைத் திரும்பப் பார்க்க மனமில்லை என்றார்.

இன்னொரு திகதிக் கணக்கும் மனத்தை விட்டு அகலவில்லை. இண்டியானா ஜோன்ஸின் முதல் படம் அமெரிக்காவில் வெளியானது 1981 ஜூன் 12. யாழ்ப்பாணப் பொது நூலகம், சுமார் 97,000 நூல்களோடு, எரிந்தது மே 31 இரவு. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பழம்பொருளைத் தீயவர்களிடமிருந்து காப்பாற்றி நூதனசாலைக்குக் கொண்டுபோகிற வீரனை உலகம் கைதட்டி வரவேற்பதற்கு 12 நாள் முன்னால் என்று மட்டும் குறித்து வைக்கிறேன்.

ரொறொன்ரோவில் இருக்கும் மச்சாளுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியும். பழைய புத்தகக் கடைகளில் அவள் தேடிப் பிடித்து மற்ற நாவல்களையும் அனுப்பினாள். மூன்றாவது படம் 1989இல் வந்தபின் 2008 வரை திரையில் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளியைப் புத்தகங்கள் நிரப்பின. படத்தில் இல்லாத புதுக் கதைகள். றொப் மக்கிறெகர் 1991, 1992இல் ஆறு எழுதினார். டெல்பியில் மாணவனாகத் தொடங்கி, ஸ்டோன்ஹெஞ்ச், அமேசன் காடு, நோவாவின் பேழை என்று போகிறது. அவருடைய இளம் ஜோன்ஸ் அடிதடியைவிட யோசிக்கிறவன். காதலிக்கிறான், கட்டுகிறான், மனைவியை இழக்கிறான். அதனால் சினிமாவின் வேகத்தைத் தேடி வருகிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்குப் பிடித்தவை இவைதான். அடுத்து வந்த மார்ட்டின் கைடின் விமானப் பைத்தியம். அவர் எழுதிய ‘ஸ்கை பைரேற்ஸ்’ நாவலில் வீரனைவிட விமானத்தின் எஞ்சினுக்குக் கூடிய பக்கம். தொடரிலேயே சோர்ந்தது அது. மக்ஸ் மக்கோயின் நாலும் படத்தின் துடிப்புக்குக் கிட்ட வருகின்றன. 2008இல் திரைக்கு வந்த பளிங்கு மண்டையோட்டை அவர் 1995இலேயே தன் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார் என்பதைப் படம் பார்த்துச் சலித்தவர்கள் அறிந்தால் கொஞ்சம் ஆறுதல்படலாம்.

எல்லாவற்றையும் மருமக்களுக்குக் கொடுத்தேன். 2023 மார்ச்சில், கட்டையனாக நடித்த கே ஹுய் குவான் ஒஸ்கார் வாங்கி மேடையில் அழுததைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வந்து கேட்டவர்கள். புதுப் புத்தகங்களை ஆளுக்குப் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிட்டார்கள். பழையதை எடுத்தவள் மட்டும் முழுக்க வாசித்தாள். முன்பக்கத்திலிருந்து இல்லை, பின்பக்கத்திலிருந்து. ‘0/20’ போட்ட கணக்கில் ஒரு பிழை இருப்பதாக அவள் அதற்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறாள். அண்ணை இப்போது மெல்பேர்ணில். படம் பிடித்து அனுப்பினோம். ஒத்துக்கொள்ளவில்லை.

ஜேம்ஸ் கான் எழுதியது நடுத்தரமான புத்தகம். இரண்டாம் முறை வாசிக்க அதில் அதிகம் இல்லை. மச்சாள் அதன் நல்ல பிரதி ஒன்றிலிருந்து போன 16 பக்கங்களை எடுத்துத் தைத்துத் தருகிறேன் என்கிறாள். வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் பையனின் நாலு தாள்கள் இருக்கின்றன.

ஊர் வீடுகளைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் இப்போது வந்து துப்பரவாக்குகிறார்கள். அலுமாரியோடு புத்தகங்கள் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுகின்றன. நல்ல தமிழ் நூல் என்றால் நூலகம் நிறுவனத்தார் 2005இலிருந்து ஸ்கான் செய்து வைக்கிறார்கள், கொடுக்கலாம். இப்படி அட்டையில்லாத இங்கிலிசு மசாலாப் புத்தகங்களை யாரும் கேட்கமாட்டார்கள். நிறுக்கக் குடுக்க முன்னம் கடைசித் தாளை ஒருக்கால் பிரட்டிப் பாருங்கோ. பென்சில் எழுத்து வெயிலில் பிடித்தால்தான் தெரியும்.